அளமும் சம்பளமும்: மரக்காணக் கரையில் ஊதியத்தின் வரலாறு

‘சம்பளம்’ என்ற சொல்லைப் பிரித்துப் பொருள் கூறும் வழக்கம் தமிழாசிரியர்களிடையே நெடுநாளாக உண்டு. சம்பா என்பது நெல். அளம் என்பது உப்பு விளையும் களம், ஆகுபெயராய் உப்பு. நெல்லையும் உப்பையும் உழைப்புக்கு ஈடாக அளந்து கொடுத்த காலத்தின் எச்சமே சம்பளம் என்பது பாவாணர் மரபினரின் கொள்கை. ‘கூலி’யையும் அவ்வாறே ‘கூலம்’ என்னும் தானியப் பெயரிலிருந்து வருவிப்பர். சம்பளத்தை, வழிச்செல்வோர் கட்டிச்செல்லும் சோற்றைக் குறிக்கும் ‘சம்பல’ என்ற வடசொல்லோடு இணைப்போரும் உளர். ஆங்கிலத்தில் ஊதியத்தைக் குறிக்கும் ‘சாலரி’ என்ற சொல்லுக்குள்ளும் இலத்தீன் மொழியின் உப்பு கரைந்து கிடக்கிறது. ரோமப் படைவீரர்களுக்கு உப்பையே ஊதியமாக அளந்தார்கள் என்று மேடைதோறும் சொல்லப்படும் கதைக்கு மட்டும் நேர்ச்சான்று எதுவும் இல்லை.

சொற்பிறப்பு வழக்கில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அந்த விளக்கத்தில் பலரும் கவனியாது கடந்துவிடும் ஒரு நுட்பம் உண்டு. அதன்படி சம்பளத்தில் நெல்லும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. கூலியில் நெல் மட்டுமே இருக்கிறது. உப்பளக் கரை ஒன்றின் வரலாற்றை வைத்து இதை எண்ணிப் பார்த்தால் சொல்விளையாட்டு வரலாறாக மாறிவிடுகிறது. உப்பைக் காவல் காத்தவருக்கும், அதைக் கணக்கெழுதியவருக்கும், அதன்மேல் வரி விதித்தவருக்கும் சம்பளம் கிடைத்தது. உப்பை விளைத்தவருக்குக் கூலி கிடைத்தது. இவ்விரு சொற்களுக்கும் இடையே அந்தக் கோடு எப்படி விழுந்தது, விடுதலைப் போராட்டம் அதை அழிக்க முயன்றதா, முயன்றதெனில் எவ்வளவு அழிந்தது என்பவற்றை மரக்காணத்தை நடுவாக வைத்துப் பார்ப்போம்.

எயிற்பட்டினத்து உப்பு

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரைப் பேரூர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிச் செல்வோர், கோடைக் காலமாயின் இவ்வூர்ப் பகுதியில் கண்ணைக் கூசவைக்கும் வெண்மையைக் காணாமல் கடக்க முடியாது. மூவாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட உப்பளங்கள் இங்குள்ளன. தமிழகத்து உப்பு என்றால் தூத்துக்குடியும் வேதாரண்யமும் முதலில் நினைவுக்கு வரும். அவற்றை அடுத்து வரும் பெயர் மரக்காணம்.

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. அங்கே செல்லும் பாணருக்குப் பரதவர் தேறலும் சுட்ட மீனும் தந்து உபசரிப்பர் என்கிறார் புலவர். அதே நூலில், கொற்கையைப் பாடுமிடத்தில், உமணரின் வண்டித் தொடரோடு வந்த மந்தி அவர்களுடைய பிள்ளைகளோடு விளையாடும் காட்சி வருகிறது. சங்கப் பாடல்களில் உப்பின் மதிப்பு தாழ்ந்ததாக இல்லை. அகநானூற்றில் உமணப் பெண் நெல்லுக்கு நேரே உப்பு என்று அளவுக்கு அளவாக விலை கூறிச் செல்கிறாள். பட்டினப்பாலையில் உப்பை விற்ற படகுகள் நெல்லோடு திரும்புகின்றன. இன்று ஒரு படி உப்புக்கு ஒரு படி நெல் தருவார் எவருமிலர் என்பதை நினைத்தால் இந்த மாற்றத்தின் தொலைவு விளங்கும்.

பழங்காலத்தைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. சங்கப் பாடல்களில் நாம் மிகுதியாகக் காண்பவர் உப்பை விற்கும் உமணர். அளத்தில் இறங்கிப் பாத்தி மிதித்தவர் அப்பாடல்களில் தொலைவில்தான் தெரிகிறார். சோழர் காலத்துக்கு வரும்போது அரசும் அளத்துக்குள் வந்துவிடுகிறது. மரக்காணத்தில் உப்பு விளைவிப்பு அரசின் மேற்பார்வையிலும் கட்டுப்பாட்டிலும் நடந்ததை நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் குறிப்பிடுகிறார். ஆக, இக்கரையில் உப்பின்மேல் அரசின் கண் பதிந்து ஆயிரமாண்டு ஆகிறது. ஆனால் அரசின் கண் காவலாகவும், காவல் ஒரு தனித் துறையாகவும், துறை சம்பள அடுக்காகவும் விரிந்தது கும்பினி ஆட்சியில்தான்.

கரிசையும் குடிவாரமும்

தென்னார்க்காடு 1801இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. நான்கே ஆண்டுகளில், 1805ஆம் ஆண்டின் முதல் ஒழுங்குமுறைச் சட்டத்தின் வழியாக, சென்னை மாகாணம் முழுவதும் உப்பு கும்பினியின் முற்றுரிமை ஆயிற்று. உப்பை விளைப்பவர் கும்பினிக்கே அளக்கவேண்டும். கும்பினி தான் குறித்த விலைக்கு வணிகருக்கு விற்கும். அளவை கரிசைக் கணக்கில் நடந்தது. கரிசை என்பது 120 மணங்கு, ஏறத்தாழ நான்கரை டன். 1805இல் கரிசைக்கு 70 ரூபாய் என்றிருந்த விற்பனை விலை 1809இல் 105 ரூபாய் ஆயிற்று.

விளைத்தவருக்கு இதில் கிடைத்த பங்கின் பெயர் குடிவாரம். ‘வாரம்’ என்ற சொல் உழவிலிருந்து வந்தது. நிலத்தில் குடிவாரம் என்பது விளைச்சலில் குடியானவரின் பங்கு. விளைச்சல் பெருகினால் பங்கும் பெருகும், விலை உயர்ந்தால் அதன் மதிப்பும் உயரும். உப்பளத்தில் குடிவாரம் என்ற பெயர் மட்டும் நிலைத்தது, பொருள் மாறிவிட்டது. விற்பனை விலையின் ஒரு சிறு துண்டாக, அரசு தீர்மானித்த கரிசை விலையாக அது சுருங்கியது. விற்பனை விலை 70இலிருந்து 105 ஆனபோது அந்த 35 ரூபாய் ஏற்றம் அளத்துக்கு வரவில்லை, கருவூலத்துக்குப் போயிற்று. பங்காளி என்ற பெயரில் ஒருவரைக் கூலியாளாக்கிய கதை இது.

1876இல் அமைக்கப்பட்ட உப்புக் குழுவின் ஆய்வையடுத்துச் சென்னையில் தீர்வை முறை படிப்படியாகப் புகுத்தப்பட்டது. உரிமம் பெற்றவர் உப்பை விளைத்து, தீர்வை கட்டியபின் தாமே வணிகருக்கு விற்கலாம். 1889ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் இதற்கு முழுவடிவம் தந்தது. இதனால் அளத்தில் மூன்று அடுக்குகள் உருவாயின. மேலே உப்பு, ஆயத் தீர்வைத் துறை: ஆணையர், உதவி ஆணையர், இன்ஸ்பெக்டர், சப் இன்ஸ்பெக்டர், கடைசியில் பியூன் வரை நீண்ட மாதச் சம்பள வரிசை. நடுவே உரிமம் பெற்ற அளக்காரர். கீழே, எந்த ஏட்டிலும் பெயரில்லாத கூலியாள். உப்பை அம்பாரமாகக் குவித்து, களவு நேர்ந்தால் தெரியும்படி அதன்மேல் முத்திரையிட்டு, காவல் பியூன் இரவும் பகலும் சுற்றிவந்தான். அவனுடைய சம்பளமும் சிறியதே. ஆயினும் மழை பெய்தாலும் உப்பு கரைந்தாலும் மாதம் முடிந்தால் அது வந்துவிடும். பத்தடி தள்ளிப் பாத்தியில் நின்றவருக்கு மழை வந்தால் வேலையே இல்லை. வேறுபாடு தொகையில் தொடங்கவில்லை, இந்த உறுதியில்தான் தொடங்கியது.

உள்நாட்டில் உவர்மண்ணிலிருந்து உப்பெடுத்து வாழ்ந்த உப்பரவர்களுக்கு இக்கூலியும் இல்லை. அவர்களுடைய தொழிலே சட்டவிரோதமாக்கப்பட்டது. அவர்கள் மண்வேலைக்கும் கிணறு வெட்டவும் போனார்கள்.

ஓரணாவும் ஒரு கால்வாயும்

மரக்காணத்தின் உப்பு நெடுங்காலம் சென்னைக்குப் போனது பக்கிங்காம் கால்வாய் வழியாக. 1806இல் தனியார் முயற்சியாகச் சென்னைக்கு வடக்கே தொடங்கிய அந்தக் கால்வாய், பிற்காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து தெற்கே மரக்காணம் வரை நீண்டது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1877-78இல், தாது வருடப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டதும் அக்காலத்தில்தான்.

அந்தப் பஞ்சத்தில் நிவாரணக் கூலியைத் தீர்மானித்தவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1877 தொடக்கத்தில் அவர் வகுத்த அளவு: வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும், பெண்ணுக்கு ஒரு பவுண்டு தானியமும் அரையணாவும். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மண் வெட்டும் உடலுக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். அதன்பின் அளவு சற்றுக் கூட்டப்பட்டது. ‘கூலம் கொடுத்ததால் கூலி’ என்ற சொற்பிறப்பு விளக்கத்துக்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. தானியம் தரப்பட்டது, உப்பை அந்த ஓரணாவிலிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதே பஞ்சத்தின் நடுவில், 1877 இறுதியில், சென்னை மாகாணத்து உப்புத் தீர்வை மணங்குக்கு ஒரு ரூபாய் 13 அணாவிலிருந்து இரண்டு ரூபாய் எட்டணாவாக உயர்த்தப்பட்டது. மாகாணங்களுக்கிடையே தீர்வையைச் சமன்செய்கிறோம் என்பது அரசு கூறிய காரணம். வங்காளத்தில் தீர்வை குறைக்கப்பட்டது உண்மை. அந்தச் சமன்பாட்டின் சென்னைப் பங்கைக் கட்டியவர்கள் பஞ்சக் கூலிகள்.

படிக்காசு யாருக்கு?

1882இல் தீர்வை இரண்டு ரூபாயாகக் குறைந்தது. 1888இல் மறுபடியும் இரண்டரை ரூபாய். பர்மியப் போர்ச் செலவும் வெள்ளியின் விலை வீழ்ச்சியும் காரணமாகக் கூறப்பட்டன. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டு ஷில்லிங் பெற்ற ரூபாய் 1893இல் ஒன்றேகால் ஷில்லிங்குக்குச் சரிந்திருந்தது. இங்கிலாந்துக்குப் பவுனில் செலுத்தவேண்டிய தொகைகளுக்கு ரூபாயில் கூடுதலாக எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

ரூபாய் சரிந்ததால் இன்னொரு தரப்பாரும் துன்புற்றார்கள். தம் குடும்பத்துக்கு இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பும் ஐரோப்பிய அதிகாரிகள் அவர்கள். அவர்களுக்காக 1893இல் ‘நாணய மாற்று ஈட்டுப்படி’ என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. இந்தியாவை நிலையான வாழிடமாகக் கொள்ளாத அலுவலர்கள், தம் சம்பளத்தில் பாதியை, ஒரு வரம்புக்குள், சந்தை மதிப்பைவிட உயர்ந்த மாற்று விகிதத்தில் கணக்கிட்டு ஈடு பெறலாம். ஒரே நாணயச் சரிவு. அதை ஈடுகட்ட உப்பு வாங்குபவரிடம் தீர்வை கூட்டப்பட்டது. அதே சரிவுக்காக அதிகாரிக்குப் படி கொடுக்கப்பட்டது. 1897இல் வெல்பி குழுவின் முன் சாட்சியம் அளித்த கோகலேயும், வாச்சாவும், சுதேசமித்திரனைத் தொடங்கிய நம் ஜி.சுப்பிரமணிய ஐயரும், இந்தியாவின் செலவில் உயர் அதிகாரிகளின் சம்பளமும் ஓய்வூதியமும் பிடிக்கும் இடத்தைச் சுட்டிக்காட்டினார்கள். தாதாபாய் நவ்ரோஜி ‘செல்வ வடிகால்’ என்று பெயரிட்ட கணக்கின் ஒரு பெரும் பத்தி அதுவே. உப்புவரி எதிர்ப்பும் சம்பள ஏற்றத்தாழ்வு எதிர்ப்பும் இப்படி ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்களாக வளர்ந்தன.

வைசிராயின் சம்பளம்

உப்பு சத்தியாகிரகத்தைப் பற்றிப் பேசும்போது தண்டியையும் வேதாரண்யத்தையும் நினைக்கிறோம். அதன் முன்னுரையாக அமைந்த ஆவணங்களில் சம்பளம் எவ்வளவு பெரிய இடம் பெற்றது என்பதை மறந்துவிடுகிறோம். 1930 ஜனவரியில் காந்தி வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில் உப்புவரி ஒழிப்பு ஒன்று. உயர்பதவிச் சம்பளங்களைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைக்கவேண்டும் என்பது மற்றொன்று.

1930 மார்ச் 2ஆம் நாள் அவர் வைசிராய் இர்வினுக்கு எழுதி, ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கில இளைஞர் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் இதை எண்களாகவே பேசுகிறது. அதன் சாரம் இது. வைசிராயின் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல். நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். இந்தியரின் சராசரி வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. ஆகவே வைசிராய் பெறுவது சராசரி இந்தியரைப்போல் ஐயாயிரம் மடங்குக்கும் மேல். பிரிட்டிஷ் பிரதமர் பெறுவதோ அந்நாட்டுச் சராசரியைப்போல் தொண்ணூறு மடங்கு. இர்வினைத் தனிமனிதராகப் புண்படுத்த இதை எழுதவில்லை என்றும், அந்தச் சம்பளம் முழுவதும் அறச்செயலுக்கே போகலாம் என்றும், இத்தகைய ஏற்பாட்டைக் கொண்ட அமைப்பையே தாம் எதிர்ப்பதாகவும் காந்தி விளக்குகிறார்.

கணக்கைச் சரிபார்க்கலாம். அன்றைய சட்டப்படி தலைமை ஆளுநருக்கு ஆண்டுக்கு 2,56,000 ரூபாய். மாதத்துக்கு 21,333, நாளுக்கு ஏறத்தாழ 711. இரண்டணா என்பது ரூபாயில் எட்டில் ஒன்று. வகுத்தால் 5,688 வருகிறது. காந்தி மிகைப்படுத்தவில்லை.

இந்தக் கணக்கோடு உப்புவரியைச் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் ஏன் உப்பைத் தேர்ந்தெடுத்தார் என்பது முழுதாக விளங்குகிறது. 1930இல் தீர்வை மணங்குக்கு ஒரு ரூபாய் நாலணா. ஓர் ஆள் ஆண்டுக்கு ஐந்தரைக் கிலோ உப்பு உண்பதாகக் கொண்டால் அவர் கட்டும் வரி ஏறத்தாழ மூன்றணா. வெறும் மூன்றணா தானே என்று அரசு சார்பில் பேசியவர்கள் உண்டு. ஆனால் வைசிராயும் அதே மூன்றணாவைத்தான் கட்டினார். 711 ரூபாய் நாள்வருமானத்தில் மூன்றணா எத்தனை நொடி உழைப்பு என்று கேட்கலாம். ஐந்துபேர் கொண்ட கூலிக்குடும்பத்துக்கு அது பதினைந்தணா, அதாவது ஒருவர் வருமானத்தில் ஏழு நாளுக்கும் மேல். மனித உடலுக்கு உப்பின் தேவை பதவிக்கேற்ப மாறுவதில்லை. வருமானத்துக்கும் தேவைக்கும் இடையே இருந்த இந்தப் பொருத்தமின்மையை அப்பட்டமாகக் காட்டும் பொருள் உப்பைத் தவிர வேறில்லை.

1930 ஏப்ரல் 13இல் திருச்சியிலிருந்து புறப்பட்ட ராஜாஜி, 30ஆம் நாள் வேதாரண்யத்தில் உப்பெடுத்துக் கைதானார். அடுத்த ஆண்டு மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் உப்பு கிடைக்கும் ஊர்களில் வாழ்வோர் தம் தேவைக்கு எடுத்துக்கொள்ளவும் தம் ஊருக்குள் விற்கவும் இடம் தந்தது. சட்டம் நீங்கவில்லை, சற்றே தளர்ந்தது.

ஐந்நூறு ரூபாய்

1931 மார்ச்சில் கராச்சியில் கூடிய காங்கிரசின் தீர்மானம் இன்று அதிகம் படிக்கப்படாத ஒன்று. அதில் மூன்று வாசகங்கள் நம் பொருளுக்கு உரியவை. நாட்டில் விளையும் உப்புக்கு வரி கூடாது. தனித்திறன் வல்லுநர் நீங்கலாக, அரசுப் பணியாளர் எவருக்கும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் பொதுவாகச் சம்பளம் கூடாது. தொழிலாளருக்கு வாழ்வதற்குப் போதுமான ஊதியம் வேண்டும். வரி, உச்சவரம்பு, அடிவரம்பு ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன.

1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானபோது, படிகள் நீங்கலாக, அமைச்சர்கள் 500 ரூபாய்ச் சம்பளமே பெற்றார்கள். 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை ஆளுநருக்கு ஆண்டுக்கு 1,20,000, அதாவது மாதம் 10,000. கோப்பை எழுதியனுப்பிய முதலமைச்சருக்கும் கையெழுத்திட்ட ஆளுநருக்கும் இருபது மடங்கு வேறுபாடு. ஆளப்படுவோரின் பிரதிநிதிகள் தம் சம்பளத்தைத் தாமே குறைத்துக்கொண்ட அந்நிகழ்ச்சிக்கு நம் வரலாற்றில் இணை குறைவு.

மூன்று வாசகங்களில் முதலாவது முழுமையாக நிறைவேறியது. 1947 ஏப்ரல் 1 முதல் இடைக்கால அரசு உப்புத் தீர்வையை நீக்கியது. இரண்டாவது பாதி நிறைவேறியது. 1950இல் அரசியலமைப்புச் சட்டம் குடியரசுத் தலைவருக்கு மாதம் 10,000 ரூபாயும் ஆளுநருக்கு 5,500 ரூபாயும் வகுத்தது. வைசிராயின் 21,000 பாதியாயிற்று, 500 ஆகவில்லை. மூன்றாவது என்னவாயிற்று என்பதற்கு மீண்டும் அளத்துக்குத் திரும்பவேண்டும்.

ஊதியக் குழுவின் கோடு

சுதந்திரத்தை ஒட்டி அமைந்த முதல் மைய ஊதியக் குழுவின் தலைவர், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சர் சீனிவாச வரதாச்சாரியார். 1947இல் வந்த அறிக்கை, கடைநிலை ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 30 ரூபாயும் அகவிலைப்படி 25 ரூபாயும் பரிந்துரைத்தது. உச்சம் 2,000 ரூபாய். அடிக்கும் முடிக்கும் 36 மடங்கு. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவில் அடிப்படை 18,000, அமைச்சரவைச் செயலருக்கு 2,50,000; ஏறத்தாழ 14 மடங்கு. எட்டாவது குழுவும் 2025இல் அமைக்கப்பட்டுவிட்டது. அரசு அலுவலகத்துக்குள் மட்டும் பார்த்தால் இது பாராட்டத்தக்க சாதனை. ஐயாயிரம் மடங்கு என்று காந்தி காட்டிய பள்ளம், அந்தச் சுவருக்குள் பதினான்கு மடங்காகக் குறைந்திருக்கிறது.

சுவருக்கு வெளியே? உப்புத் துறை விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்தது. அதன் பியூன் வரதாச்சாரியார் காலத்திலேயே ஊதியக் குழுவின் கணக்குக்குள் வந்துவிட்டான். அவன் காத்த உப்பை வாரியவர் வரவில்லை. அவர் அரசின் ஊழியரல்லர். குத்தகைக்கு அளம் எடுத்தவரின் நாட்கூலி. நிலம் அரசுடையதாக இருந்தாலும் நிலைமை இதுவே. 1953இல் உப்பு மீது ஒரு சிறு மேல்வரி மறுபடி வந்தது, டன்னுக்கு மூன்றரை ரூபாய் அளவில். அதன் வருவாய் எதற்கு என்று சட்டம் அடுக்கிய நோக்கங்களில் உப்புத் துறையின் நிர்வாகச் செலவு முன்னே நின்றது. ஆராய்ச்சி, தரம், கூட்டுறவு என்பன தொடர, தொழிலாளர் நலன் பின்னே வந்தது. வரிசையில் உள்நோக்கம் தேட வேண்டியதில்லை. பழக்கம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு அது சான்று.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் உப்பளத் தொழிலையும் தமிழக அரசு பட்டியலில் சேர்த்துக் கூலி வரையறுத்தது உண்மை. ஆனால் குறைந்தபட்சக் கூலி என்பது வேலை நடந்த நாளுக்கு உரியது. இங்கேதான் உப்பின் இயல்பு குறுக்கிடுகிறது.

மழை ஓய்ந்தபின் தையில் பாத்திகளில் படிந்த சேற்றை அள்ளி, தரையை மிதித்து இறுக்குவார்கள். உவர்நீரை ஒன்றன்பின் ஒன்றாகப் பாத்திகளில் மாற்றி வெயிலில் இறுகவிடுவார்கள். கடல்நீரின் அடர்த்தி போமே அளவையில் மூன்று பாகை. அது 24, 25 பாகைக்கு ஏறும்போதுதான் உப்பு மணிபிடிக்கும். முப்பதை நெருங்கினால் கைப்பு நீர் கலந்துவிடும், அதற்குள் வாரிவிடவேண்டும். நீண்ட கழியில் பூட்டிய பலகையால் ஆண்கள் வாரி வரப்பில் ஒதுக்க, பெண்கள் தலைச்சுமையாக அம்பாரத்துக்குக் கொண்டுசேர்ப்பார்கள். வெயிலுக்கு முன் முடிக்க விடியலுக்கு முன்பே வேலை தொடங்கும். காலில் ஆறாத வெடிப்பும் கண்ணில் கூச்சமும் இத்தொழிலின் அடையாளங்கள். தூத்துக்குடி அளங்களில் இதை நேரில் ஆய்ந்து ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வெளிவந்தது. உப்பை உண்ணும் தமிழுலகம் உப்பை விளைப்பவரைப் பார்க்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

புரட்டாசிக்குப் பின் மழை தொடங்கினால் தை வரை வேலை இல்லை. அம்மாதங்களில் சந்தையில் உப்பு விலை பெரும்பாலும் ஏறும், சேர்த்துவைத்தவருக்கு ஆதாயம். விலை உயரும் காலமே கூலியற்ற காலம் என்பது இத்தொழிலின் அமைப்பிலேயே இருக்கும் முரண். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறியபோது இக்கரை பட்ட பாடு நினைவிருக்கும். புயல் வந்த மாதத்திலும் சம்பளம் வரும், கூலி வராது.

ஒரு பேச்சுக்கு நாட்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள், ஒன்பது மாதம் தடையின்றி வேலை கிடைத்தாலும் ஆண்டுக்கு 1,12,500. கடைநிலை மைய அரசு ஊழியரின் அடிப்படைச் சம்பளம் மட்டும், படிகள் சேராமல், 2,16,000. அமைச்சரவைச் செயலருக்கு 30 லட்சம். உள்ளே 14 மடங்காக இருக்கும் வேறுபாடு வெளியே 27 மடங்காகிவிடுகிறது. விடுப்பு, ஓய்வூதியம், மருத்துவம் இவற்றை எந்த எண்ணிலும் சேர்க்கவில்லை. தனியார் துறையிலும் கணக்கு இப்படியே நடக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்கள் தம் இயக்குநரின் ஊதியம் நடுநிலை ஊழியரின் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று ஆண்டுதோறும் வெளியிடப் பணிக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நடுநிலை ஊழியர் நிறுவனத்தின் ஏட்டில் பெயருள்ளவர். நிறுவனத்துக்கு உப்பு தரும் அளத்தில் நிற்கும் கூலியாள் அந்த வகுத்தலில் வருவதேயில்லை. ஏற்றத்தாழ்வை அளக்கும் கோல் எங்கே நிறுத்தப்படுகிறது என்பதே விடையைத் தீர்மானித்துவிடுகிறது.

வேலையற்ற மாதங்களும் கூலிக்கணக்கில் சேரவேண்டும் என்ற கோரிக்கைக்குத் தமிழகத்தில் ஒரு தொடக்கம் நிகழ்ந்திருக்கிறது. 2022இல், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்துக்காக, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை மாநில அரசு நடைமுறைப்படுத்தியது. மூன்று மாதத்துக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 54 ரூபாய். தொகை சிறிதெனினும் அதன் பொருள் பெரிது. வேலை நடக்காத நாளும் தொழிலாளியின் வாழ்நாளே என்று இருநூறு ஆண்டு உப்பு நிர்வாக வரலாற்றில் அரசு முதன்முதலாக ஒப்புக்கொண்டதற்கு நிகரானது அது. கூலி சம்பளத்தை நோக்கி ஓரடி நகர்ந்திருக்கிறது.

கராச்சியின் மூன்றாவது வாசகத்துக்கு இன்னும் மீதி இருக்கிறது. சம்பளம் என்ற சொல்லில் உப்பு உண்மையிலேயே இருக்கிறதோ இல்லையோ, மரக்காணத்தில் அதற்குப் பொருள் தெளிவு: மழை பெய்தாலும் வருவது சம்பளம், மழை பெய்தால் நிற்பது கூலி. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்கிறது நம் பழமொழி. உப்பிட்டவர் என்றால் பந்தியில் பரிமாறியவர் என்றே இதுவரை பொருள் கொண்டு வந்திருக்கிறோம்.